பதினாறு விதிகளும் முதற்பாடமும்: எஸ்பெராண்டோ தொடக்கநிலைப் பாடநூல்களின் இலக்கண, சொற்கள அமைப்பு – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

1887இல் வெளிவந்த முதல் நூல் தொடங்கி, எஸ்பெராண்டோ மொழியின் தொடக்கநிலைப் பாடங்கள் ‘16 விதிகளே இலக்கணம்’ என்னும் கூற்றை முன்வைத்தே கற்போரை அழைத்து வந்துள்ளன. அக்கூற்று படித்துப் பொருள் காண்பதற்குப் பொருந்தும். பேசவும் எழுதவும் கற்பிப்பதற்குப் பொருந்தாது. முதல் நூல், 1905ஆம் ஆண்டின் அடிப்படை நூல், பிற்காலக் கற்பித்தல் முறைகள் ஆகியவற்றின்வழி இக்கட்டுரை இதனை ஆராய்கிறது. தமிழ் மாணவர்க்கு இப்பாடங்கள் எளிதாகும் இடமும் அரிதாகும் இடமும் ஐரோப்பிய மாணவர்க்குரியவற்றினின்று வேறுபடுவதும் காட்டப்பெறுகிறது.

திறவுச்சொற்கள்: ஆக்கமொழி, எஸ்பெராண்டோ, சாமென்ஹாஃப், தொடக்கநிலைப் பாடம், உருபன், தன்வினை – பிறவினை, சுட்டும் வினாவும்.

முன்னுரை

பியாலிஸ்டோக் நகரில் 1859இல் பிறந்த கண் மருத்துவர் லுட்விக் சாமென்ஹாஃப், ‘டாக்டர் எஸ்பெராண்டோ’ என்னும் புனைபெயரில் 1887 ஜூலையில் வார்சாவில் ஒரு சிறு நூலை ருஷ்ய மொழியில் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே போலிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் பதிப்புகளும் வந்தன. முன்னுரை, சில மாதிரிப் பனுவல்கள், 16 விதிகள், ஏறத்தாழ 900 வேர்ச்சொற்கள் கொண்ட பட்டியல் ஆகியவையே அந்நூலின் உள்ளடக்கம். ‘நம்பிக்கை கொண்டவர்’ எனப் பொருள்படும் அப்புனைபெயரே பின்னர் மொழியின் பெயராயிற்று. எழுத்துக்கும் சொல்லுக்கும் மட்டும் 462 நூற்பாக்களை வகுத்துக்கொண்ட நன்னூலைப் பயின்ற ஒருவருக்கு, 16 விதிகளில் ஒரு மொழியின் இலக்கணம் முடிந்துவிடுகிறது என்பது வியப்பையும் ஐயத்தையும் ஒருங்கே தரும். ஆனால் பிந்தைய தொடக்கநூல்கள் அவ்வெண்ணை ஐயுறவே இல்லை. அதனை ஒரு விளம்பரமாகவே அவை கையாண்டன.

எஸ்பெராண்டோ இயக்கத்தினரிடையே ‘என்றும் தொடக்கநிலையர்’ என்றொரு வழக்கு உண்டு. ஆர்வத்தோடு தொடங்கி, ஆண்டுகள் பல கடந்தும் உரையாடும் நிலையை எட்டாதவரை அது குறிக்கும். குறை அவர்களுடைய முயற்சியில்தானா, பாடங்களின் அமைப்பிலும் உண்டா என்னும் வினா கேட்கப்பட வேண்டியது.

முதல் நூல்: பாடமா, திறவுகோலா?

முதல் நூலின் நோக்கத்தைச் சரியாக உணராமல் அதன்வழி வந்த பாடங்களை மதிப்பிட இயலாது. சாமென்ஹாஃப் ஒவ்வோர் உருபனையும் தனிச்சொல் போலவே பட்டியலில் சேர்த்தார். ‘பாத்ர்’ தந்தைக்குரிய வேர். ‘இன்’ பெண்மை குறிக்கும் பின்னொட்டு. ‘ஓ’ பெயர்ச்சொல் விகுதி. மூன்றும் தனித்தனியே அகராதியில் காணக்கிடைக்கும். மூன்றும் சேர்ந்த ‘பாத்ரீனோ’ தாயைக் குறிக்கும். மாதிரிப் பனுவல்களில் இவ்வுருபன்களுக்கிடையே சிறு கோடுகளும் இடப்பட்டன. மொழியை அறவே அறியாத ஒருவருக்கும் இப்பட்டியலை இணைத்துக் கடிதம் எழுதினால், அவர் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்துப் பொருள் அறிந்துகொள்வார் என்பதே ஆசிரியரின் கருத்து.

தமிழ் இலக்கண வழியில் கூறுவதாயின், இது பகுபதத்தைப் பகுதியும் விகுதியுமாகப் பிரிக்கும் முறையாகும். சந்தியும் விகாரமும் பெரும்பாலும் இல்லாமையால் பிரிப்பதில் இடர்ப்பாடு இல்லை. ஆகவே 16 விதிகள் பெறுபவருக்குரியவை, எழுதுபவருக்குரியவை அல்ல. டால்ஸ்டாய் 1894இல் எழுதிய கடிதம் இயக்கத்தினரால் அடிக்கடி சுட்டப்படுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேற்படாத பயிற்சியில் இம்மொழியைத் தம்மால் படிக்க முடிந்தது என்பது அதன் சாரம். எழுத முடிந்தது என்று அவர் கூறவில்லை என்பதையும், பிரெஞ்சும் ஜெர்மனும் அறிந்த ஒருவர் அவர் என்பதையும் மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் கடந்து செல்கின்றனர்.

பதினாறுக்குள் அடங்காதவை

விதிகள் சுருங்கியிருப்பதற்கு ஒரு காரணம், அவை சொல்லாமல் விட்டவற்றைக் கற்பவர் ஏற்கெனவே அறிவார் என்னும் எடுகோள். பெயருக்கு முன் வரும் ‘லா’ என்னும் சுட்டுச்சொல்லை முதல் விதி கூறுகிறது. அதன் பயன்பாடு ஜெர்மன், பிரெஞ்சு முதலிய மொழிகளில் உள்ளவாறே என்றும், கடினமெனக் கருதுவோர் அதனைப் பயன்படுத்தாமலே விடலாம் என்றும் அதனோடு வழங்கும் குறிப்பு உரைக்கிறது. விதியின் உள்ளடக்கம் வேற்று மொழிகளின் இலக்கணத்தில் இருக்கிறது. அதைத் தேடிச் சென்று கற்க வேண்டியவரின் உழைப்பு அந்தப் பதினாறில் எண்ணப்படவில்லை.

வேரின் இயல்பு பற்றிய சிக்கல் இன்னும் ஆழமானது. ‘கோம்பி’ என்பது தலை சீவுதலைக் குறிக்கும் வினை. கருவிப்பொருள் தரும் ‘இல்’ ஒட்டினைச் சேர்த்தால் ‘கோம்பீலோ’, அதாவது சீப்பு. ‘ப்ரோசோ’வோ எவ்வொட்டும் இன்றியே துடைக்கும் தூரிகையைக் குறிக்கும் பெயர்; அதிலிருந்து ‘ப்ரோசி’ என்னும் வினை பிறக்கும். ஓ விகுதி பெயராக்கும், இ விகுதி வினையாக்கும் என்று மட்டும் கற்ற மாணவர், ‘கோம்போ’ என்றால் சீப்பு என்றே கொள்வார். அது சீவுதலாகிய செயலையே குறிக்கும். முதனிலைத் தொழிற்பெயரைப் பயின்ற தமிழ் மாணவருக்கு, வெட்டு, அடி போன்ற சொற்கள் பெயரும் வினையுமாய் நிற்பது புதிதன்று. எனினும் எஸ்பெராண்டோவில் எவ்வேர் பெயரியல்பினது, எவ்வேர் வினையியல்பினது என்பதைச் சொல்லின் வடிவம் காட்டாது. ஒவ்வொன்றாக நினைவில் கொள்ள வேண்டும். மொழியியலறிஞர் ஃபெர்டினான்ட் டி சசூரின் தம்பி ரெனே டி சசூர் 1910இல் இச்சொல்லாக்க முறையின் தருக்கத்தைத் தனியே ஆராய்ந்தார். அவ்வாறு ஆராய வேண்டிய அளவுக்கு நுட்பம் வாய்ந்த ஒன்றைத் தொடக்கப் பாடங்கள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன.

தன்வினை, பிறவினைப் பாகுபாடும் இத்தகையதே. ‘போலி’ என்பது நீர் தானே கொதித்தல். கொதிக்கவைத்தலுக்கு ‘போலிகி’ வேண்டும். (இவ்வொலி தமிழ் மாணவரைச் சற்றுப் புன்முறுவல் கொள்ளச் செய்வது இயல்பே.) ‘கோமென்ட்சி’ இதற்கு மாறானது: ஒன்றைத் தொடங்குதல் என்னும் செயப்படுபொருள் குன்றா வினை அது, வகுப்பு தானே தொடங்குவதற்கு ‘கோமென்ட்சீஜி’ என்றாதல் வேண்டும். தமிழில் ‘வகுப்பு தொடங்கியது’, ‘ஆசிரியர் வகுப்பைத் தொடங்கினார்’ ஆகிய இரண்டிலும் வினை ஒன்றே, ஆங்கிலத்திலும் அவ்வாறே. எனவே இவ்விடத்தில் பிழை செய்வோர் கவனக்குறைவால் செய்வதில்லை. பாடம் எச்சரிக்காமையால் செய்கின்றனர்.

செயப்பாட்டு எச்சங்களின் காலப்பொருள் குறித்து அறிஞரிடையே நீண்ட பூசல் நடந்து, 1967இல் எஸ்பெராண்டோ அகாதெமியே முடிவு கூற நேர்ந்தது. கலோச்சாயும் வாரிங்கியேனும் 1935இல் ‘முழு இலக்கணம்’ எனப் பெயரிட்டே ஒரு விரிநூல் படைத்தனர். 16 விதிகளால் ஆன மொழிக்கு இவை தேவைப்பட்டதே போதிய சான்றாகும். எஸ்பெராண்டோ கடினமான மொழி என்பது இதன் பொருளன்று. இயற்கை மொழிகள் பலவற்றினும் அது விரைவாகக் கைவரும். ஆனால் எளிமை என்பது வேறு, சுருக்கம் என்பது வேறு.

பயிற்சி நூலும் சொற்களமும்

1905இல் பிரான்சின் புலோஞ்-சூர்-மேர் நகரில் கூடிய முதல் உலக மாநாட்டின் பிரகடனம், ‘எஸ்பெராண்டோவின் அடிப்படை’ என்னும் நூலை எவரும் மாற்றக் கூடாததாக ஏற்றது. ஐந்து மொழிகளில் 16 விதிகள், பயிற்சிகள், சொற்பட்டியல் என்பன அதன் பகுதிகள். அவற்றுள் 1894இலேயே முதலில் வெளிவந்த பயிற்சிப் பகுதி, 42 பிரிவுகள் கொண்டது. சாமென்ஹாஃப் ஆசிரியராக வெளிப்படும் இடம் இதுவே. எழுத்தொலிப் பயிற்சிக்குப் பின் விலங்கு, மலர், பறவை, குடும்பத்தார் பற்றிய சிறு கூற்றுகள் வருகின்றன. பின்னர்ப் பெரோவின் தேவதைக் கதையொன்று பல பிரிவுகளில் துண்டு துண்டாகத் தொடர்கிறது. அடுத்து என்ன நேர்ந்தது என்னும் ஆவலை இலக்கணப் பயிற்சிக்குப் பயன்படுத்திய இவ்வுத்தி பாராட்டத்தக்கது. விதிகள் தாம் சொல்லாத தொடரமைப்பை இக்கதை சொல்லாமலே கற்பிக்கிறது.

குறைகளும் உள்ளன. புதுச்சொற்களுக்குப் பொருள் தரும் ஐந்து மொழிகள் பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், ருஷ்யம், போலிஷ். ஐந்தும் ஐரோப்பிய மொழிகள். தாய்க்குத் தனி வேர் தரப்படவில்லை. தந்தையிலிருந்தே அவள் பிறக்கிறாள். சகோதரி, மகள், அரசி ஆகியோரும் அவ்வாறே. சொற்சிக்கனம் என்று இதனை நியாயப்படுத்துவர். ஆனால் சிக்கனம் எப்பக்கம் சாய்ந்தது என்பதை முதற்பாடத்திலேயே மாணவர் காண்கிறார். அடிப்படை நூலை மாற்ற இயலாது. பாடநூலாசிரியர் எச்சொல்லை எந்த வரிசையில் அறிமுகப்படுத்துகிறார் என்பது அவர் கையிலேயே உள்ளது. அவ்வுரிமையைப் பலர் பயன்படுத்தியதில்லை.

எதிர்ப்பொருள் தரும் ‘மால்’ முன்னொட்டு இப்பாடங்களின் பெருமிதம். ‘சானா’ நலமுள்ள, ‘மால்சானா’ நோயுற்ற, அதனோடு ஆளைக் குறிக்கும் ‘உல்’, இடத்தைக் குறிக்கும் ‘எய்’ ஆகியவற்றைச் சேர்த்தால் ‘மால்சானுலேயோ’, மருத்துவமனை. எழுத்தில் கண்டு பிரித்தறிவது இன்பமே. விரைந்து பேசப்படும்போது கேட்டுப் பிரித்தறிவது வேறொரு திறன். அதற்குப் பயிற்சி தரும் தொடக்கநூல்கள் அரிது. பிற்காலக் கவிஞர்கள் ‘மால்லோங்கா’வுக்கு மாற்றாகக் ‘கூர்தா’ (குறுகிய) போன்ற தனிவேர்களை நாடியதற்கு யாப்பு மட்டும் காரணமாகாது.

முறைகளின் மாற்றம்

டிரான்சில்வேனியாவில் 1920இல் பாதிரியார் ஆண்ட்ரேயோ செஹ், பலமொழி பேசுவோர் கூடிய வகுப்பில் பாடநூலின்றி, பொருளைக் காட்டி வினவியும் மாணவரை ஒருங்கே விடை சொல்லச் செய்தும் கற்பித்தார். விதி பின்னுக்குச் சென்றது. வழக்கு முன்னுக்கு வந்தது. இம்முறையின் வெற்றி பெரிதும் ஆசிரியரின் நடிப்பாற்றலைச் சார்ந்திருந்தமையால், தனியே கற்பவருக்கு அது உதவவில்லை. ஜாக்ரெப் முறை என்பது பேச்சு எஸ்பெராண்டோவில் உருபன்களின் பயில்நிலையைக் கணக்கிட்டு, ஏறத்தாழ 500 உருபன்களை 12 பாடங்களில் தருவது. சிங்கமும் புறாவும் பின்தள்ளப்பட்டு, அன்றாடப் பேச்சில் மிகுந்து வரும் சிறு சொற்கள் முன்வந்தன. க்ளோட் பிரோன் 1983இல் எழுதிய ‘கெர்டா மறைந்துவிட்டாள்’ என்னும் துப்பறியும் கதை, இயல்தோறும் சில புதுச்சொற்களை மட்டும் சேர்த்துச் செல்கிறது. பயிற்சி நூலின் தேவதைக் கதை தொடங்கிவைத்த வழி இதில் முழுமையடைகிறது. 2015இல் டுவோலிங்கோ செயலி ஆங்கிலம் அறிந்தோர்க்கென எஸ்பெராண்டோ பாடத்தைத் தொடங்கியபின் கற்கத் தொடங்குவோர் பெருகினர். அதிலும் மொழிபெயர்த்து விடையளித்தலே மிகுதி என்பதால், முதல் நூலின் பொருள்காணும் பயிற்சி புதுவடிவில் திரும்பியுள்ளது எனலாம்.

தமிழ் மாணவர் நோக்கில்

ஐரோப்பியருக்கென வகுத்த பாடங்களை ஆங்கில வழியாக அப்படியே பெயர்த்துத் தருவது தமிழ் மாணவருக்கு இரட்டைச் சுமையாகும். ‘அறிதல்’ எனப் பொருள்படும் ‘ஸ்த்ஸீ’ போன்ற மெய்ம்மயக்கம் தமிழ் நாவுக்கு அயலானது. இரண்டாம் வேற்றுமைக்குரிய ‘ன்’ ஒருபோதும் தொகாது. ‘மரம் வெட்டினான்’ என வேற்றுமைத் தொகையாகப் பேசிப் பழகியவர் அங்கே ஒவ்வொரு முறையும் உருபை நினைவுகூர வேண்டும். பெயரடையும் பெயரோடு எண்ணும் வேற்றுமையும் ஏற்று ‘பேலாய்ன் ஃப்லோரோய்ன்’ என நிற்கும். தமிழில் ‘அழகிய பூக்களை’ என்னுமிடத்து அடை அசையாது. எச்ச உருபுகளான ‘அந்த்’, ‘இந்த்’ ஆகியவற்றை நம் சுட்டுகளோடு மயங்காதிருக்கவும் ஓர் எச்சரிக்கை வேண்டும்.

மாறாக, ஐரோப்பிய மாணவர் அஞ்சும் ஒரு பகுதி தமிழ் மாணவருக்குப் பிறந்த வீடு போன்றது. வினா, சுட்டு, பொதுமை முதலியவற்றைக் குறிக்கும் 45 சொற்கள் கொண்ட அட்டவணையே அது. 16 விதிகளுள் இதற்கு இடமில்லை. பல பாடநூல்கள் இதனைப் பிற்பகுதியில் மனப்பாடத்துக்கென வைக்கின்றன. ‘கீஎ’ எங்கே, ‘தீஎ’ அங்கே. ‘கீஆம்’ எப்போது, ‘தீஆம்’ அப்போது. ‘கீஓம்’ எவ்வளவு, ‘தீஓம்’ அவ்வளவு. எகர வினாவும் அகரச் சுட்டும் ஒரே அடியின்மேல் மாறி வரும் நம் முறை அங்கு அப்படியே உள்ளது. எங்கும், எப்போதும் என உம்மையால் முற்றுப்பொருள் பெறுவதும், எங்கோ, எப்போதோ என ஓகாரத்தால் நிச்சயமின்மை பெறுவதும் அங்கு ‘ச்சி’, ‘இ’ என்னும் முதலுறுப்புகளால் நிகழ்கின்றன. அண்மைச் சுட்டுக்கு மட்டும் நம் இகரம்போல் தனி உறுப்பு இல்லை. ‘தீஎ’யோடு ‘ச்சி’ என்னும் இடைச்சொல்லைச் சேர்த்தே ‘இங்கே’ எனல் வேண்டும். எதிர்மறை வரிசையான ‘நேனி’க்கும் தமிழில் தனிச்சொல் இல்லை, ‘எங்கும் இல்லை’ என வினை கொண்டே அதனை உணர்த்துகிறோம். எனினும் 12ஆம் விதி, எதிர்மறைச் சொல் ஒன்று வந்தவிடத்து வேறு ‘இல்லை’ வேண்டா என்று கூறுவதால், தமிழ் மாணவர் இவ்வொரு வரிசையில் மட்டும் இருமுறை மறுத்துப் பிழை செய்வார்.

தமிழில் எழுதப்படும் தொடக்கநூல் ஒன்று இவ்வட்டவணையை முதற்பாடமாகவும், சுட்டுச்சொல் ‘லா’வைப் பல பாடங்கள் கழித்தும், தன்வினை – பிறவினை வேர்களை முதல் சொற்பட்டியலிலேயே குறியிட்டும் தரலாம். 16 என்னும் எண்ணை அதன் முகப்பில் அச்சிட வேண்டிய தேவையில்லை.