முந்த இடமில்லாத மார்ட்டின்ஸ்வில்

2022 அக்டோபர் 30. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள மார்ட்டின்ஸ்வில் தடத்தில் நாஸ்கார் கப் பந்தயத்தின் கடைசிச் சுற்று. பத்தாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்த ராஸ் சாஸ்டெய்ன், சாம்பியன் பட்டத்துக்கு மோதும் நால்வரில் ஒருவராக வேண்டுமானால் இன்னும் இரண்டு கார்களையாவது முந்தியாக வேண்டும். பின்பக்க நேர்ப்பாதையில் ஐந்தாவது கியருக்கு மாற்றினார். பிரேக்கைத் தொடவில்லை. காரின் வலப்பக்கத்தை வெளிச்சுவரில் சாய்த்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி கடைசி இரண்டு வளைவுகளையும் உரசிக்கொண்டே கடந்தார். ஐந்து கார்களை முந்தினார். வழக்கமாக 20 வினாடி பிடிக்கும் சுற்று 18.845 வினாடியில் முடிந்தது. அவர் உள்ளே வந்தார்; டென்னி ஹாம்லின் வெளியேறினார்.

அந்தத் துணிச்சலைப் பாராட்டாத ஸ்டாக் கார் ரசிகர் குறைவு. நானும் பாராட்டுகிறேன். ஆனால், முறையாக முந்த வழி இருந்திருந்தால் சாஸ்டெய்ன் சுவரை நாடியிருக்க மாட்டார். இந்தத் தடத்தின் இன்றைய நோய் அந்த ஒரு சுற்றிலேயே வெளிப்பட்டுவிட்டது.

நாஸ்கார் 1949-இல் தன் முதன்மைத் தொடரைத் தொடங்கிய ஆண்டிலிருந்து இன்றுவரை அட்டவணையில் நீடிக்கும் ஒரே தடம் மார்ட்டின்ஸ்வில். நீளம் 0.526 மைல், ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. காகிதக் கிளிப் போன்ற வடிவம். நேர்ப்பாதைகள் தார், வளைவுகள் கான்கிரீட், சரிவு 12 டிகிரி மட்டுமே. டேடோனா, டல்லடேகா தடங்களில் செங்குத்தான சரிவு காரைத் தாங்கிப் பிடிக்கும். இங்கே அந்த உதவி கிடையாது. ஏறத்தாழ ஒன்றரை டன் எடையுள்ள காரைச் சுற்றுக்கு இரண்டு முறை பிரேக்கால் அடக்க வேண்டும். 500 சுற்று என்றால் ஆயிரம் முறை. பொழுது சாயும்போது சக்கரங்களுக்குள் பிரேக் தட்டுகள் பழுத்துச் சிவப்பதைப் பார்வையாளர் மாடத்திலிருந்தே காணலாம்.

இந்த வித்தையில் ரிச்சர்ட் பெட்டியை மிஞ்ச ஆளில்லை. இங்கே 15 முறை வென்றவர். நம் நரேன் கார்த்திகேயனுக்கும் இந்தத் தடத்தோடு தொடர்பு உண்டு. ஃபார்முலா ஒன் ஓட்டிய அவர், 2010 மார்ச்சில் நாஸ்காரின் டிரக் தொடரில் அறிமுகமானது இங்கேதான். முதல் பந்தயத்திலேயே 13-ஆவது இடம். ஓவல் தடங்களுக்குப் புதியவர் ஒருவருக்கு அது மதிப்பான முடிவு. வேகத்தைவிடப் பிரேக்கை ஆளும் காலுக்கு இங்கே மரியாதை அதிகம்.

பழைய காரில் அந்த மரியாதைக்குப் பொருள் இருந்தது. முன்னால் போகிறவர் பிரேக்கைச் சூடேற்றிவிட்டால் பத்து சுற்றில் தடுமாறுவார். வளைவில் அரை அடி விலகுவார். பின்னால் வருபவர் உள்பக்கம் மூக்கை நுழைப்பார். இடம் கிடைக்காவிட்டால் பம்பரால் மெல்லத் தட்டி, அவரை வெளியே நகர்த்திவிட்டுப் போவார். மார்ட்டின்ஸ்வில் ரசிகர்கள் எழுந்து நின்று கூச்சல் போட்டது அந்தக் கணங்களுக்காகத்தான்.

2022-இல் வந்த நெக்ஸ்ட் ஜென் கார் இதை மாற்றிவிட்டது. சக்கரம் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமானது. டயர் அகன்றது, பிரேக்கும் பெரிதானது. வளைவில் வேகம் இழந்தாலும் கியரைக் குறைத்து மீண்டுவிட முடிகிறது. முக்கியப் பாகங்கள் எல்லா அணிகளுக்கும் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து வருவதால் வேக வித்தியாசமும் சுருங்கிவிட்டது. தவறு செய்தவருக்குத் தண்டனை இல்லை. தவறு செய்யாதவருக்குப் பரிசும் இல்லை. முன்வரிசையில் புறப்பட்டு, பிட் நிறுத்தத்தில் இடம் இழக்காமல் வந்தால் பாதி வெற்றி.

இதைத் தொலைக்காட்சியில் உணர்வது கடினம். கேமரா முதல் மூன்று கார்களையே துரத்துகிறது. நேரில் போகிற ரசிகருக்கு நான் சொல்வது: சனிக்கிழமையே வந்துவிடுங்கள். பயிற்சி ஓட்டத்தில் ஒற்றைச் சுற்று வேகத்தைப் பார்க்காதீர்கள். இருபதாவது சுற்றிலும் எந்தக் கார் வேகம் இழக்காமல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறன்று மேல்வரிசையில் உட்காருங்கள். தடம் சிறியது, முப்பத்தாறுக்குக் குறையாத கார்கள் புறப்பட்டாலும் எல்லாம் உங்கள் பார்வைக்குள் இருக்கும். இந்தத் தடத்தின் பெயர்பெற்ற இளஞ்சிவப்பு ஹாட் டாக்கை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டாயம் ஒரு ஸ்கேனர் ரேடியோவும் ஹெட்போனும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரும் அணித் தலைவரும், மாடியில் நின்று வழிகாட்டும் ஸ்பாட்டரும் பேசுவதை ரசிகர் நேரடியாகக் கேட்கலாம். விளையாட்டு வீரரின் மூளைக்கு இவ்வளவு அருகில் ரசிகரை உட்காரவைக்கும் ஆட்டம் வேறெதுவும் எனக்குத் தெரியாது.

அந்த ரேடியோவே 2024 நவம்பர் 3 அன்று சாட்சியானது. ரயன் பிளேனி வென்ற அந்தப் பந்தயத்தின் கடைசிச் சுற்றுகளில், வில்லியம் பைரனுக்குப் பின்னால் ஆஸ்டின் டில்லனும் சாஸ்டெய்னும் அருகருகே ஓடி, வேறு யாரும் வந்து பைரனை நெருங்காமல் தடுத்தார்கள். மூவரும் ஷெவர்லே. மறுபக்கம் டொயோட்டாவின் பப்பா வாலஸ் வேகம் குறைய, இறுதிக்கான இடத்துக்குப் பைரனோடு மோதிய, அதே டொயோட்டாவின் கிறிஸ்டோஃபர் பெல் அவரை முந்தினார். கடைசி வளைவில் பெல் சுவரை உரசியபடி வந்ததால் விதிப்படி தண்டிக்கப்பட்டார். இறுதிக்குப் போனவர் பைரன். சாஸ்டெய்ன் செய்ததைத் திரும்பச் செய்தால் தண்டனை என்று நாஸ்கார் 2023 பருவம் தொடங்கும் முன்பே அறிவித்திருந்தது. சில நாள்களில் டில்லன், சாஸ்டெய்ன், வாலஸ் மூவருக்கும் அவர்களின் அணிகளுக்கும் தலா 1,00,000 டாலர் அபராதம் விழுந்தது. அணித் தலைவர்களும் ஸ்பாட்டர்களும் ஒரு பந்தயத்துக்கு விலக்கப்பட்டார்கள்.

முந்துவதற்காகச் சுவரில் காரை ஏற்றிய சாஸ்டெய்ன், இரண்டே ஆண்டில் அதே தடத்தில் முந்தாமல் இருந்ததற்காக அபராதம் கட்டினார். இரண்டையும் தனி மனிதரின் குணமாகப் பார்ப்பது தவறு. இரண்டு முறையும் அந்தக் கார் ஓட்டுநருக்கு நேர்வழியைத் தரவில்லை. முந்துவது எளிதாக இருந்திருந்தால் இரண்டு கார்கள் சேர்ந்து ஒரு தடத்தையே அடைத்திருக்க முடியாது. அபராதம் சரியானதுதான், டிக்கெட் வாங்கி வந்தவனுக்கு உண்மையான போட்டியைத் தர வேண்டியது கடமை. ஆனால் அபராதத்தால் பந்தயம் குணமாகாது.

2026-இல் குறுந்தடங்களுக்கு இன்ஜின் சக்தியை 670-லிருந்து 750 குதிரைத்திறனாக உயர்த்தும் முடிவு சரியான திசை. கூடுதல் சக்தி வந்தால் வளைவைவிட்டு வெளியேறும்போது பின் டயர் வழுக்கும்; நிதானமான கால் மீண்டும் வெல்லும். ஆனால் அது போதாது. சீக்கிரம் தேயும் டயரும், சிறிய பிரேக்கும் வேண்டும். தடத்தில் குறையில்லை, எழுபத்தைந்து ஆண்டுகளாக அது தன் வேலையைச் செய்துவருகிறது. திருத்த வேண்டியது காரை.