ஒஸ்தியோபதிக் கைச்சிகிச்சை ஆய்வு வரலாறு – ஒரு விமர்சன நோக்கு

கலைப்பீட மாணவர் ஒருவர் மருத்துவ ஆய்வுகள் பற்றி விமர்சனம் எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், ஓர் ஆய்வு எத்தகைய வினாவுடன் தொடங்குகிறது, அவ்வினாவை எழுப்புவோர் யாவர், பெறப்படும் விடை அவர்களது முன்முடிபை மாற்றுவதற்கு இடமளிக்கப்படுகிறதா என்பன மருத்துவத்துக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. இலக்கியத்தையும் வரலாற்றையும் பயில்வோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினாக்களே அவை. இந்நோக்கில் ஐக்கிய அமெரிக்காவிலே தோன்றிய ஒஸ்தியோபதி பற்றிய ஆய்வுகளின் வரலாறு ஆராயத்தக்கதாகும்.

முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் தசைகளையும் கையினால் அழுத்தியும் அசைத்தும் நீட்டியும் நோய் தீர்க்க முயலும் முறையே இங்கு கைச்சிகிச்சை எனப்படுகிறது. இதனைத் தோற்றுவித்தவர் அன்ட்ரூ ரெய்லர் ஸ்ரில் (1828–1917). வைத்தியராக இருந்தும், 1864 ஆம் ஆண்டில் மூளைச்சவ்வு அழற்சியினால் தம் பிள்ளைகள் மூவர் இறப்பதைத் தடுக்க இயலாதவராக நின்றவர் அவர். இரசம் கலந்த மருந்துகளும் அபினும் தாராளமாக வழங்கப்பட்ட காலம் அது. அம்மருந்துகளில் அவர் நம்பிக்கை இழந்தமை புரிந்துகொள்ளத்தக்கதே. உடலுறுப்புகளின் அமைப்புப் பிறழ்வு குருதியோட்டத்தைத் தடைசெய்வதே நோய்க்குக் காரணம் என்றும், அதனைக் கையினால் திருத்தலாம் என்றும் 1874 ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார். 1892 இல் மிசூரி மாநிலத்துக் கேர்க்ஸ்வில் நகரிலே கல்லூரியும் நிறுவப்பட்டது. ஆய்வு தொடங்குவதற்கு முன்னரே கோட்பாடும் அதனைப் பரப்பும் நிறுவனமும் தோன்றிவிட்டன என்பது இவ்வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாத செய்தியாகும்.

இவ்வாய்வு வரலாற்றை மூன்று கட்டங்களாக நோக்கலாம். முதலாவது, குணமடைந்தோரை எண்ணிக் காட்டிய கட்டம். 1918 ஆம் ஆண்டின் இன்புளுவென்சாக் கொள்ளைநோயின்போது 2,445 ஒஸ்தியோபதியர் 110,122 நோயாளரைக் கவனித்தனர் என்றும், அவர்களுள் இறந்தோர் நூற்றுக்கு 0.25 மட்டுமே என்றும் அத்தொழிலார் தொகுத்து வெளியிட்டனர். எண்கள் பெரியவை, ஆனால் அவற்றின் வாதம் வலுவற்றது. ஒஸ்தியோபதியரை அழைத்தவர்கள் யாவர், அவர்களது நோய் எவ்வளவு கடுமையானது, இறக்கும் நிலையிலிருந்தோர் வேறிடங்களுக்குச் சென்றனரா என்பன அத்தொகுப்பிலிருந்து அறியக்கூடியனவல்ல. ஒத்த நிலையிலுள்ள இரு கூட்டத்தாரை ஒப்பிடாதவரையில் எண்ணிக்கை சான்றாகாது. எனினும் இக்குறையை ஒஸ்தியோபதியர் மீது மட்டும் சுமத்துவது நியாயமன்று. அக்கால மருத்துவத்தின் பெரும்பகுதி இவ்வாறே தன்னை நிறுவிக்கொண்டது. 1910 ஆம் ஆண்டிலே வெளிவந்த ஏபிரகாம் பிளெக்ஸ்னரின் மருத்துவக் கல்வி அறிக்கை ஒஸ்தியோபதிக் கல்லூரிகளைக் கடுமையாகக் கண்டித்தபோது, வழமையான மருத்துவக் கல்லூரிகள் பலவற்றையும் அவ்வாறே கண்டித்தது.

இரண்டாவது, ஆய்வுகூடக் கட்டம். லூயிசா பேர்ண்ஸ் என்னும் பெண்மணி பல்லாண்டுகள் விலங்குகளின் முள்ளென்புகளில் பிறழ்வை உண்டாக்கி, உள்ளுறுப்புகளில் ஏற்படும் மாற்றங்களை ஆராய்ந்தார். அவரது உழைப்புப் போற்றத்தக்கது. ஆனால், எதனைக் காணவேண்டும் என்பது தொடங்கும்போதே தீர்மானிக்கப்பட்டிருந்தமை அவ்வாய்வின் குறைபாடாகும். 1940 களில் கேர்க்ஸ்வில்லிலே ஸ்ரெட்மன் டென்ஸ்லோவும், 1945 இல் அங்கு வந்து சேர்ந்த உடற்றொழிலியலாளர் ஏர்வின் கோரும் மேற்கொண்ட ஆய்வுகள் வேறு தரத்தன. முள்ளந்தண்டின் மீது அளவிடப்பட்ட அழுத்தத்தைக் கொடுத்து, அருகிலுள்ள தசைகளின் மின்செயற்பாட்டை அவர்கள் பதிவுசெய்தனர். முண்ணாணின் சில துண்டங்கள் ஏனையவற்றிலும் எளிதிலே தூண்டப்படுகின்றன என்னும் அவர்களது முடிபு 1947 இல் அமெரிக்க உடற்றொழிலியற் சஞ்சிகையிலே வெளியாயிற்று. ஸ்ரிலின் குருதியோட்டக் கோட்பாடு இவ்விடத்திலே நரம்புக் கோட்பாடாக உருமாறிற்று. கைச்சிகிச்சை முதன்முறையாகப் பிற துறையினரும் ஏற்கத்தக்க அளவுகோல்களைக் கொண்டு பேசியது.

ஆயினும் இக்கட்டத்திலேயே ஒரு தருக்க வழுவும் இடம்பெற்றது. சில துண்டங்கள் எளிதிலே தூண்டப்படுகின்றன என்பது ஒரு கூற்று. அதனால் உள்ளுறுப்புகள் நோயுறுகின்றன என்பது இரண்டாவது கூற்று. கைச்சிகிச்சை அந்நிலையை மாற்றி நோயைத் தீர்க்கிறது என்பது மூன்றாவது கூற்று. முதலாவதற்குக் கிடைத்த சான்று ஏனைய இரண்டையும் நிறுவாது. ஆனால் முதலாவதன் மதிப்பு மற்றையவற்றுக்கும் கடனாக வழங்கப்பட்டு வந்தது. ஒரு நூலின் காலத்தை நிறுவியதனாலேயே அதன் ஆசிரியரையும் நிறுவிவிட்டதாகக் கருதும் இலக்கிய வரலாற்றாசிரியரின் தவறு போன்றதே இதுவும்.

இந்நிலை நீடித்தமைக்குச் சமூகக் காரணமும் உண்டு. ஒஸ்தியோபதியர் அமெரிக்காவில் முழு மருத்துவ உரிமைக்காக மாநிலந்தோறும் போராட நேர்ந்தது. 1962 இல் கலிபோர்னியாவிலே அவர்களது கல்லூரியே வழமையான மருத்துவக் கல்லூரியாக மாற்றப்பட்டது. அனைத்து மாநிலங்களிலும் முழு உரிமை கிட்டியது 1973 ஆம் ஆண்டளவிலேயே. இருப்புக்கே ஆபத்து நிலவும் சூழலில், ‘எமது சிகிச்சை பயனற்றதாகவும் இருக்கலாமா?’ என வினவுதல் எளிதன்று. இவ்வினாவைப் பொதுமன்றத்தில் வைத்தது 1975 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் நரம்பியல் ஆய்வு நிறுவனம் பெதெஸ்தாவில் கூட்டிய மாநாடாகும். கைச்சிகிச்சை பயனுடையது என்றோ பயனற்றது என்றோ திட்டவட்டமாகக் கூறுவதற்குப் போதிய சான்று இல்லை என்பதே அங்கு தெளிவாயிற்று. அம்மாநாட்டின் கட்டுரைகளைப் பதிப்பித்த மரே கோல்ட்ஸ்ரைன் தாமும் ஒஸ்தியோபதிக் கல்வி பெற்றவர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

மூன்றாவது, ஒப்பீட்டுக் கட்டம். இதிலேதான் கைச்சிகிச்சை உண்மையான சோதனைக்கு உள்ளாகியது. 1999 இல் வெளியான சிக்காகோ ஆய்வு முதுகுவலியுடைய 178 பேரை எழுமாறாக இரு குழுக்களாகப் பிரித்தது. பன்னிரண்டு வாரங்களின் பின் கைச்சிகிச்சை பெற்றோரும் வழமைச் சிகிச்சை பெற்றோரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தனர். முன்னையோருக்குத் தேவைப்பட்ட மருந்து குறைவு. 2003 இல் ரெக்சாஸிலே 91 பேரைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு மேலும் ஒருபடி சென்றது. சிகிச்சை போலத் தோன்றும் போலிச் சிகிச்சையைப் பெற்ற குழுவொன்றும் அதிலே சேர்க்கப்பட்டது. மேலதிகச் சிகிச்சை எதுவும் பெறாதோரைவிட இரு குழுவினரும் நன்மை பெற்றனர். ஆனால் உண்மைச் சிகிச்சைக்கும் போலிச் சிகிச்சைக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

இதே ஆய்வாளரின் தலைமையில் 455 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வில், வலி 30 சதவீதமோ அதற்கு மேலாகவோ குறைந்தவர்கள் கைச்சிகிச்சைக் குழுவில் 63 சதவீதம். போலிச் சிகிச்சைக் குழுவில் 46 சதவீதம். ஆயினும் முதுகின் செயற்றிறனில் இரு குழுக்களும் வேறுபடவில்லை. 2021 இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு 400 பேரை ஆராய்ந்தது. நூறு புள்ளி கொண்ட இயலாமை அளவுகோலிலே மூன்று மாத முடிவில் காணப்பட்ட வேறுபாடு 3.4 புள்ளி மட்டுமே. நோயாளர் வாழ்வில் இவ்வேறுபாடு உணரப்படுமா என்பது ஐயத்துக்குரியது என அவ்வாய்வாளரே ஒப்புக்கொண்டனர்.

முதுகுவலிக்கு அப்பாற்பட்ட நோய்களில் நிலைமை மேலும் தளர்ந்தது. 1918 இன் தொகுப்பு எழுப்பிய அதே சுவாச நோய் வினாவை, 2010 இல் வெளியான நியுமோனியா ஆய்வு 406 பேரைக் கொண்டு முறையாக எழுப்பியது. எழுமாறாகப் பிரிக்கப்பட்ட அனைவரையும் கணக்கிற் கொண்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. திட்டப்படி சிகிச்சையை நிறைவுசெய்தோரை மட்டும் பிரித்து நோக்கியபோதே, வழமைச் சிகிச்சையை மட்டும் பெற்றோரிலும் கைச்சிகிச்சை பெற்றோர் விரைவில் வீடு திரும்பியமை தெரியவந்தது. இடையில் விலகியோரையும் இறந்தோரையும் நீக்கிவிட்டுப் பெறும் முடிபினை எச்சரிக்கையோடே ஏற்கவேண்டும். எனினும் இரு முடிபுகளும் மறைக்கப்படாது ஒரே கட்டுரையில் வெளியிடப்பட்டமை, ஒரு நூற்றாண்டுக் காலத்தில் ஏற்பட்ட வளர்ச்சியைக் காட்டுகிறது.

ஒஸ்தியோபதியின் ஆதரவாளர் இங்கு ஒரு மறுப்பை முன்வைப்பர். மாத்திரைக்குப் பதிலாக மாவுருண்டை கொடுக்கலாம். தொடுகைக்குப் போலி யாது? போலிச் சிகிச்சையிலும் மனிதக் கை நோயாளியைத் தொடுகிறது. ஆதலால் வேறுபாடு குறைத்துக் காட்டப்படுகிறது என்பது அவர்கள் வாதம். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் இதனை ஏற்போர் அதன் விளைவையும் ஏற்கவேண்டும். எந்த முள்ளென்பை எத்திசையில் அசைப்பது என்னும் நுட்பமின்றியே பயன் கிட்டுமாயின், தளர்வது அந்நுட்பத்துக்கு அடிப்படையான கோட்பாடே. நோயாளி பெற்ற ஆறுதல் உண்மை. அந்த ஆறுதலைக் கோட்பாட்டுக்குச் சான்றாக்குவதே பிழை.

இப்பிழையைச் சுட்டியோருள் அத்துறையின் கல்லூரிகளைச் சேர்ந்தோரும் உளர். மண்டையோட்டென்புகளின் நுண்ணசைவைக் கையால் உணரலாம் என்னும் கிளைக்கோட்பாட்டைப் பரிசீலித்து, பரிசோதிப்போர் இருவரின் கணிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என 2002 இல் எழுதிய ஹார்ட்மனும் நோர்ட்டனும் ஒஸ்தியோபதிக் கல்லூரியொன்றின் ஆசிரியர்களே. அதற்கு முந்திய ஆண்டில் வெளியான கருத்தாய்வொன்றில், பதிலளித்த ஒஸ்தியோபதி மருத்துவருள் அரைவாசிக்கு மேற்பட்டோர் தம் நோயாளருள் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானோருக்கே கைச்சிகிச்சை அளிப்பதாகத் தெரிவித்தனர். தத்துவம் விழாமேடையில் வாழ, நடைமுறை வேறு திசையில் சென்றுவிட்டது.

தொகுத்து நோக்குமிடத்து, தன் கோட்பாட்டை நிறுவுவதற்காக ஆய்வைத் தொடங்கிய ஒரு மரபு, அக்கோட்பாட்டைச் சோதிக்கும் ஆய்வுக்கு வந்துசேர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று எனலாம். அவ்வாறு வந்தபோது அது பெற்றது சிறிய உண்மையொன்று: முதுகுவலியில் ஓரளவு பயன், பிற நோய்களில் உறுதியற்ற பயன். பெரிய உரிமைகோரல்களோடு ஒப்பிட இது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால், முன்னைய பெரிய எண்களுக்கு இல்லாத நம்பகத்தன்மை இச்சிறிய உண்மைக்கு உண்டு. தான் போற்றும் ஒன்றைத் தோல்வியுறக்கூடிய சோதனைக்கு உட்படுத்தும் துணிவே ஆய்வாளருக்கு வேண்டுவது. அத்துணிவை அம்மரபு காலந்தாழ்த்தியேனும் பெற்றது. எமது துறைகளில் நாம் போற்றுவனவற்றை அவ்வாறு சோதிக்க முன்வருகிறோமா என்பதை நாமே வினவிக்கொள்ள வேண்டும்.