நல்ல ஆ எது?

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையில் ஆய்மகள் ஒருத்தி காட்சி தருகிறாள். மோர் விற்று வந்த உணவைச் சுற்றத்துக்கு ஊட்டும் அவள், நெய்யின் விலையாகப் பொன்னைக் கொடுத்தால் கொள்ளாள்; எருமையும் நல்ல ஆவும் நாகும் பெறுவாள். வகுப்பறையில் இப்பகுதி ஆயர் வாழ்வின் எளிமைக்குச் சான்றாகக் காட்டப்படுவதோடு முடிந்துவிடுவதுண்டு. 'நல்ல' என்னும் அடைக்கு 'மிகுதியாகப் பால் தரும்' என எழுதிக்கொண்டு மாணவரும் அடுத்த அடிக்குச் சென்றுவிடுவர். ஆயின், நாகு என்பது இன்னும் கன்று ஈனாத இளம் பெண். அதன் மடியில் பால் இல்லை. பால் இல்லாத ஒன்றுக்காகப் பொன்னை மறுப்பவள் எளிமையால் மறுத்தாள் என்பது பொருந்தாது. இன்றைய கறவையை அன்று, நாளைய மந்தையை எண்ணியே அவள் விலை பேசுகிறாள். அது கணக்கு, தேர்ந்த கணக்கு.

'நல்ல' என்ற சொல்லின் பொருள் ஏட்டோடு நிற்பதன்று. மலேசியாவில் பால்மாட்டு இனவிருத்தி பற்றி எழுந்த முயற்சிகளும் இச்சொல்லுக்கு எப்பொருள் கொள்வது என்பதைச் சார்ந்தே நன்றாகவும் பிழையாகவும் முடியும்.

ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் மாவட்டத்தில் இரயில் பாதையை ஒட்டிய சிற்றூர் பாலோ. சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். (ரப்பர் மரத்தைப் 'பால்மரம்' என்றும் அதில் வடிவதைப் 'பால்' என்றும் வழங்கும் தோட்டத் தமிழில், மாட்டுப்பாலை வேறு பிரித்துச் சொல்ல வேண்டிய வேடிக்கையும் உண்டு.) இத்தகைய தோட்டங்களில் குடியேறிய தமிழர் மரத்தடிப் புல்லை நம்பி மாடு வளர்த்தனர். இந்தியாவிலிருந்து பல இனமாய் வந்து தம்முள் கலந்துபோன அம்மாடுகளைக் கால்நடை அறிஞர் 'உள்நாட்டு இந்தியப் பால்மாடு' எனத் தனிப்பெயரால் குறித்தனர். குறைவாகக் கறப்பன என்ற முத்திரையும் அவற்றின்மேல் விழுந்தது. முத்திரை பொய்யன்று, அளந்த முறைதான் ஆராயத்தக்கது. இந்திய வழி மாடுகள் பல, கன்று முட்டி ஊட்டினாலன்றிப் பாலை இறக்கா. கன்று குடித்த பால் கறவைக் கணக்கில் ஏறுவதில்லை. பிண்ணாக்கையே காணாமல் வழியோரப் புல்லில் வளர்ந்த மாட்டையும், கொட்டிலில் நின்று அடர்தீவனம் உண்ட மாட்டையும் ஒரே படியால் அளந்து தரம் பிரிப்பது நடுநிலை ஆகாது.

குளுவாங்கில் அமைந்த அரசுக் கால்நடை நிலையம் உருவாக்கிய 'மஃப்ரிவால்' இனம் தெளிந்த சிந்தனையின் பயன் என்றே சொல்லவேண்டும். ஐரோப்பியப் பிரீசியனும் பஞ்சாபின் சாகிவாலும் கலந்து பிறந்தது அது. வெப்பம் 25 பாகையைக் கடந்து ஏற ஏறப் பிரீசியன் தீனியைக் குறைத்துக்கொள்ளும். தீனி குறையப் பாலும் குறையும். ஜொகூரிலோ பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுவது அன்றாட நிகழ்ச்சி. சாகிவால் வெப்பத்தையும் உண்ணியையும் தாங்கி நிற்கும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலும் 1960-களில் இவ்விணைப்பையே மேற்கொண்டனர்.

கலப்பினால் நன்மை விளைந்தது கண்டு, பிரீசியன் இரத்தம் கூடக் கூட நன்மையும் கூடும் என முடிவுகட்டுவதுதான் பிழை. உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் வெளியீடாகக் கன்னிங்காமும் சிர்ஸ்டாடும் 1987-இல் எழுதிய நூல், வெப்பநாடுகளில் கிடைத்த கணக்குகளைத் திரட்டி இதை ஆராய்ந்தது. அயல் இரத்தம் பாதியளவை எட்டும்வரை பால் ஏறுகிறது. அதற்குமேல் அந்த ஏற்றம் இல்லை. முதற்கலப்பில் தோன்றும் வீறும், கலப்பினங்களையே தம்முள் இணைக்கும்போது அடுத்த தலைமுறையில் பாதியாகிவிடும். தாயின் மடியைக் கண்டு மகளுக்கு விலை கொடுப்பவர் ஏமாறும் இடம் இதுவே.

மேய்ச்சலை நம்பி வாழும் நியூசிலாந்து 1996-இல் நிறுவிய இனமதிப்பு முறை, மாடு எத்தனை லிட்டர் கறக்கும் என்று கேட்பதில்லை. இவ்வளவு தீனியை உண்டு எவ்வளவு ஆதாயம் தரும் என்றே கேட்கிறது. கொழுப்பும் புரதமும் அதில் நிறை. பால் நீர்த்து மிகுவதும் உடல் பெருப்பதும் குறை. உரிய பருவத்தில் மீண்டும் சினைப்படுதலும் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. அந்நாட்டிலும் அயர்லாந்திலும் 2000-க்குப் பின் நடந்த ஒப்பாய்வுகளில், வட அமெரிக்க ஹோல்ஸ்டீன் வழிப் பசுக்கள் புல்லை முதன்மையாக உண்டபோது மெலிந்து, சினைப்படுவதில் பின்தங்கின. ஆய்மகள் அவற்றைப் பொன்னுக்கு மாற்றாகக் கொண்டிருக்கமாட்டாள்.

அவ்வளவுகோலை அப்படியே பாலோவில் கொண்டுவந்து வைக்கவும் இயலாது. நியூசிலாந்தின் புல் குளிர்ப்பருவத்து மென்புல். இங்குள்ள கினியாப் புல்லும் சிக்னல் புல்லும் மழையில் விரைந்து வளர்ந்து விரைந்து முற்றுவன. நார் மிகுதலால் இரைப்பை நிறைந்துவிடும். உடலின் தேவை நிறையாது. பேருடல் படைத்த பசு வயிறு நிறைந்தே பட்டினி கிடக்கும். இன்னொன்றும் உண்டு: மலேசியா, இந்தோனேசியா நாடுகளின் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு கப்பலேறிச் சென்று, புல்வெளிக்குப் பெயர்பெற்ற நியூசிலாந்தின் மாடுகளுக்கே தீவனமாகிறது!

மேய்ச்சல் நிலம் என்பதும் தோட்டங்களிடையே நிலையானதன்று. செம்பனை முதிர்ந்து ஓலை கூடியபின் அடியில் ஒளி குறைந்து புல் அருகிவிடும். சிறு பண்ணையாளர் புல்லை அறுத்துச் சுமந்து கொட்டிலுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அவர் அறிய வேண்டுவது ஒரு சுமைப் புல்லுக்கு எவ்வளவு பால், அடுத்த கன்று எத்தனை மாதத்தில் என்பதே. தோட்டத்துப் பழைய மாடுகளைக் கொண்டு இக்கேள்விக்கு விடை காண்பது இன்று எளிதன்று. செயற்கைக் கருவூட்டலில் பிரீசியன் கலப்பு ஏறி ஏறி, அவ்வழி பெரும்பாலும் கரைந்துவிட்டது.