வளையத்தைத் திருகினால் வில் விறைக்குமா?

மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தருகே இருபுறமும் உள்ள ஷாக் அப்சார்பர்களைக் கவனித்திருப்பீர்கள். பல வண்டிகளில் அவற்றின் ஒரு முனையில் படிப்படியாக வெட்டப்பட்ட வளையம் உண்டு. அதை மேற்படிக்குத் திருப்பினால் ஸ்பிரிங் கடினமாகும் என்பர் பலர். சில கையேடுகளும் 'மென்மை', 'கடினம்' என்றே குறிக்கின்றன. இது சரிதானா?

ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதியை நினைவுகூருங்கள். சுருள்வில்லின் அமுக்கம், அதை அமுக்கும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 20 நியூட்டன் தேவைப்படும் வில்லை எடுத்துக்கொள்வோம். 600 நியூட்டன் சுமை அதை 30 மி.மீ. அமுக்கும். வளையத்தைத் திருப்பி முன்கூட்டியே 10 மி.மீ. அமுக்கிவைத்தால், அதே சுமைக்கு அது 20 மி.மீ. மட்டுமே தாழும். அதன்பின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் வேண்டியது அதே 20 நியூட்டன்தான்! விறைப்பைத் தீர்மானிப்பவை கம்பியின் பருமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, உலோகம் ஆகியவையே. வளையம் மாற்றுவது வண்டியின் உயரத்தை.

அப்படியானால் வளையம் வீணா? இல்லை. பின்னால் ஒருவர் அமர்ந்ததும் வண்டியின் பின்பகுதி தாழ்கிறது. முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்கிறது. வளைவில் வண்டி வெளிப்புறமாக விலக முனைகிறது. இவற்றைத் திருத்தவே வளையம் உள்ளது. இருபுறமும் ஒரே படியில் வைக்க வேண்டும். மாறாக, மெலிந்த ஒருவர் தனியே செல்லும்போது மேற்படியில் வைத்தால், சக்கரம் பள்ளத்தில் இறங்க இடமிராது. அந்தக் குலுக்கலையே 'கடினம்' என்று தவறாகக் கருதுகிறோம்.

மேட்டைக் கடந்தபின் வண்டி துள்ளிக்கொண்டே இருந்தால் குறை வேறிடத்தில் உள்ளது. ஷாக் அப்சார்பருக்குள் சிறு துளைகள் வழியே தள்ளப்படும் எண்ணெய்தான் துள்ளலின் ஆற்றலை வெப்பமாக்கித் தணிக்கிறது. எண்ணெய் கசிந்துவிட்டால் எத்தனை படி உயர்த்தினாலும் பயனில்லை. தரையைவிட்டு எழும் சக்கரத்தில் பிரேக்கும் பிடிக்காது.

நீங்களே அளந்து பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரம் தொங்கும்போது, அச்சிலிருந்து அதற்கு நேர்மேலே வண்டியில் ஒரு புள்ளிவரை அளவெடுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து, வண்டியை நண்பர் பிடித்துக்கொள்ள, அதில் அமர்ந்து மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் சக்கரத்தின் மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருப்பது நன்று.

கையேடு எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள்: 'மென்மை', 'கடினம்' என்பதற்குப் பதிலாக, எந்தப் படி எத்தனை கிலோகிராம் சுமைக்குரியது என்று அச்சிடுங்கள்.