இங்கிலீஷில் பேசச் சொல்லும் படம்

வூடி ஆலனின் 'விக்கி கிறிஸ்டினா பார்சிலோனா' (2008) பற்றிப் பேசும் யாரும் முதலில் சொல்வது அந்த உணவகக் காட்சியைத்தான். கோடை விடுமுறைக்கு பார்சிலோனா வந்த இரண்டு அமெரிக்கத் தோழிகள் ராத்திரிச் சாப்பாட்டில் இருக்கிறார்கள். முன்பின் பழகாத ஓவியர் ஹுவான் அந்தோனியோ (ஹாவியர் பார்டெம்) மேசையருகே வருகிறார். ஒவியேதோ நகருக்குப் போகலாம், ஊர் சுற்றலாம், நல்ல ஒயின் குடிக்கலாம், மூவருமாகப் படுக்கையையும் பகிர்ந்துகொள்ளலாம் என்று அழைக்கிறார். அசடு வழிதல் இல்லை, கண்சிமிட்டல் இல்லை. பக்கத்து நாற்காலி காலியா என்று கேட்கும் குரல். நிச்சயமான பெண்ணான விக்கி (ரெபெக்கா ஹால்) அவரைச் சொல்லால் குதறுகிறாள். கிறிஸ்டினாவின் (ஸ்கார்லெட் ஜொஹான்சன்) முகத்தில் அதற்குள்ளாகவே சம்மதம் ஏறிவிட்டது.

இதற்குப் பிறகு ஆலன் செய்வது நேர்த்தியான கணக்கு. ஆசைப்பட்டவள் கட்டில் வரை போய் வயிற்று வலியில் சுருண்டுவிடுகிறாள். திட்டியவளோ ஓர் இரவு கிதார் இசை கேட்டுவிட்டு வந்து அதே ஆளிடம் விழுகிறாள். விழுந்ததை அவளால் ஜீரணிக்கவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. நியூயார்க்கிலிருந்து வருங்கால மாப்பிள்ளை டக் ஃபோனில் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது ரெபெக்கா ஹால் சிரிக்க முயல்வதைப் பாருங்கள். ஆஸ்கர் விருது பெனலோப்பே க்ரூஸுக்குப் போனதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் படத்தின் எடையைச் சுமப்பவர் ஹால்தான்.

படம் நெடுகிலும் ஓர் ஆண்குரல் கதை சொல்லிக்கொண்டே வருகிறது. பலருக்கு இது எரிச்சல். என் கட்சி பாதிக்குப் பாதி. இந்தப் பெண்கள் தங்களைப் பற்றி வைத்திருக்கும் உயர்ந்த எண்ணத்தை அந்த வறண்ட குரல் சத்தமில்லாமல் கிண்டல் செய்கிறது. நகைச்சுவையில் பெரும்பங்கு அதிலிருந்தே வருகிறது. ஆனால் ஹுவான் அந்தோனியோ, அவருடைய முன்னாள் மனைவி மரியா எலேனா (பெனலோப்பே க்ரூஸ்), கிறிஸ்டினா மூவரும் ஒரே வீட்டில் வாழும் நாட்கள் வரும்போது அதே குரல் சோம்பேறித்தனமாகிவிடுகிறது. ஒரு சைக்கிள் சவாரி, இருட்டறையில் ஒரு முத்தம், மீதியெல்லாம் சொல்லக் கேட்பதுதான். பொறாமையே இல்லாமல் மூன்று பேர் எப்படிக் காலை உணவுக்கு உட்கார்ந்தார்கள் என்பதைக் காட்டுவதல்லவா கடினம்? அந்த இடத்தில் ஆலன் நழுவிவிடுகிறார்.

ஊரைக் கையாண்ட விதம் இன்னும் சங்கடமானது. விக்கி முதுகலைக்கு ஆராய்வது கட்டலோனிய அடையாளத்தை. அவள் போய்ச் சேர்வதோ ஸ்பானிய மொழி வகுப்பில். அவளை உருக வைக்கும் கிதார் மரபின் தாய்வீடு தெற்கே ஆண்டலூசியா. கட்டலான் மொழி பேசும் ஊரில் நடக்கும் கதையில் அந்த மொழிக்குக் கிட்டத்தட்ட இடமே இல்லை. இது விக்கியைப் பார்த்து நகைக்கும் ஏற்பாடு என்றால் அபாரம் என்பேன். ஆனால் கேமராவும் அவளைப்போலத்தானே அலைகிறது? சக்ராதா ஃபமிலியா, குவெல் பூங்கா, லா பெத்ரேரா என்று வழிகாட்டிப் புத்தக வரிசை, எல்லாம் தேன் நிற வெயிலில். பார்சிலோனா மாநகராட்சி 10 லட்சம் யூரோவும் கட்டலோனிய அரசு அதில் பாதியும் படத்துக்குக் கொடுத்தன. அங்கே அது சர்ச்சையும் ஆனது. காசு கொடுத்தவர்களுக்கு ஒரு விளம்பரப் படமும் கிடைத்தது.

இந்தப் பளபளப்பைக் கிழிப்பவள் மரியா எலேனா. தற்கொலை முயற்சிக்குப் பிறகு கலைந்த தலையும் தூங்காத கண்ணுமாக அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் படத்தின் தாளமே மாறுகிறது. அவள் ஸ்பானிய மொழியில் பொரிந்து தள்ளுகிறாள். கிறிஸ்டினாவுக்குப் புரியட்டும், இங்கிலீஷில் பேசு என்று ஹுவான் அந்தோனியோ திரும்பத் திரும்பக் கெஞ்சுகிறார். தன் வீட்டிலேயே ஒருத்தி விருந்தாளியின் மொழிக்கு மாற வேண்டியிருக்கிறது. ஆலனுக்கு ஸ்பானிய மொழி தெரியாது. அந்தச் சண்டைகளில் நடிகர்களை அவர்கள் போக்கில் பேசவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். இயக்குநரின் பிடி தளர்ந்த அந்த இடங்களில்தான் படம் மூச்சுவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அவளிடம் ஒரு வழக்கும் இருக்கிறது. ஹுவான் அந்தோனியோவின் ஓவிய பாணி தன்னிடமிருந்து எடுத்தது என்கிறாள். மழுப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவரும் ஒப்புக்கொள்கிறார். காதலைவிடப் பெரிய விவகாரம் இது. இருந்தும் படம் இதை ஒரு துணுக்காக உதிர்த்துவிட்டு, அவளைக் கத்தியும் துப்பாக்கியும் எடுக்கும் உணர்ச்சிக் கொந்தளிப்பாகவே பயன்படுத்திக்கொள்கிறது. அவளுடைய கலையைப் பற்றி, நாம் மெச்ச வேண்டும் என்பதற்கு மேல் எதுவும் தெரிவதில்லை.

கடைசியில் தோழிகள் வந்தபடியே விமான நிலையம் திரும்புகிறார்கள். விக்கி டக்கின் மனைவியாக, கிறிஸ்டினா தனக்கு எது வேண்டாம் என்பதை மட்டும் தெரிந்துகொண்டவளாக. எதுவும் மாறவில்லை என்று காட்டத் துணிந்ததை நான் மதிக்கிறேன். காதல் நகைச்சுவைப் படங்களில் இது அபூர்வம். ஆனால் என் மனம் ஜூடியிடம் (பட்ரீஷியா கிளார்க்சன்) போகிறது. இவர்களைத் தன் வீட்டில் தங்கவைத்த இந்த அமெரிக்கப் பெண்மணி அந்த ஊரிலேயே வாழ்பவள். கணவன் நல்லவன், அவனிடம் காதல் மட்டும் வற்றிவிட்டது. தன்னால் முடியாததை விக்கியாவது செய்யட்டும் என்று அவளை ஹுவான் அந்தோனியோ பக்கம் தள்ளிவிடுகிறாள். அது மரியா எலேனாவின் தோட்டாவில் போய் முடிகிறது. விக்கிக்குக் கையில் ஒரு காயம். ஊருக்குப் போக டிக்கெட்டும் இருக்கிறது. ஜூடிக்கு அந்த டிக்கெட் கிடையாது. ஆலனுக்கு அவளிடம் திரும்பி வர நேரமும் இல்லை.