இராட்சதர் என்போர் யாவர்? ஆதியாகமத்தின் ஒரு பகுதியும் ஈழத்து இயக்கர் மரபும்

1

எபிரேய வேதத்தின் முதல் நூலாகிய ஆதியாகமத்தில், நோவாவின் பெருவெள்ளக் கதைக்குச் சற்று முன்னர், ஆறாம் அதிகாரத்தின் தொடக்கத்திலே நான்கே வசனங்களில் அமைந்த சிறு பகுதி ஒன்றுண்டு. மனிதர் பூமியிற் பெருகிய காலத்தில் ‘தேவகுமாரர்’ என்போர் மனிதரின் புதல்வியரை அழகியரெனக் கண்டு மணந்தனர்; மனிதனுக்குரிய காலம் 120 ஆண்டுகள் என வரையறுக்கப்பட்டது; அக்காலத்திலே ‘நெபிலிம்’ என்போர் பூமியில் இருந்தனர். இவ்வளவே செய்தி. தேவகுமாரர் யார், நெபிலிம் யார், இவ்விரு சாராருக்கும் இடையிலுள்ள உறவு யாது, இறுதியிற் சுட்டப்படும் பெயர்பெற்ற பண்டை வீரர் எவருடைய மக்கள் என்னும் வினாக்களுக்கு மூலம் நேர் விடை தருவதில்லை.

இப்பகுதியை ஈழத்தின் வன்னிப் பெருநிலத்தில் வாழும் வாசகர் ஆராய வேண்டிய தேவை யாது எனச் சிலர் வினவலாம். தமிழ் வேதாகமம் நெபிலிமை ‘இராட்சதர்’ எனப் பெயர்த்துள்ளது. வடமொழி இதிகாசம் இத்தீவை இராட்சதரின் நாடு என்றது. பாளி வரலாற்று நூல்கள் இதனை இயக்கரும் நாகரும் வாழ்ந்த தீவு என்றன. வன்னியின் பழைய பெயர்களுள் ஒன்றோ ‘அடங்காப்பற்று’ என்பதாகும். அடக்க முயன்றோரின் நிலையில் நின்று பார்த்தாலன்றி அப்பெயர் பொருள் தராது. ஒரு நிலத்தின் பண்டை மக்களுக்குப் பெயரிடுவோர் யார் என்ற வினா, ஆகவே, நமக்குத் தொலைவான வினா அன்று.

2

மேற்சுட்டிய பகுதிக்கு மூன்று வகையான விளக்கங்கள் தொன்றுதொட்டு வழங்கி வருகின்றன.

முதலாவது, தேவகுமாரர் வானுலகத் தூதர் என்பது. ஏனோக்கின் நூல் இதனை விரித்துரைக்கின்றது. 200 காவற்றூதர் எர்மோன் மலையில் இறங்கி, மானிட மகளிரைக் கூடி, அரக்க உருவினரைப் பெற்றனர் என்பது அந்நூற் கதை. நெடுங்காலம் எத்தியோப்பிய மொழியிலேயே முழுமையாக வழங்கிய அந்நூலின் அரமேயத் துண்டுகள் கும்ரான் குகைகளிற் கிடைத்து, 1976இல் மிலிக் என்பவரால் வெளியிடப்பட்டன. இரண்டாவது, தேவகுமாரர் சேத்தின் வழிவந்த நல்லோர், மனிதரின் புதல்வியர் காயீனின் வழிவந்தோர் என்பது. யூலியஸ் ஆபிரிக்கானஸ், அகுஸ்தீனார் ஆகியோர் இக்கருத்தினர். மூன்றாவது, அவர்கள் ஆட்சியாளரும் நீதிபதிகளும் என்பது. அரமேய மொழிபெயர்ப்பாகிய ஓங்கெலோஸ் தர்கூம் ‘பெரியோரின் மக்கள்’ என்றே பெயர்த்தது. தேவகுமாரர் எனக் கூறுவோரைச் சபித்த யூத அறிஞர் மரபும் உண்டு.

இவை மூன்றும் வெவ்வேறு சமூகத் தேவைகளிலிருந்து பிறந்தவை. உலகில் தீமை எங்ஙனம் புகுந்தது என அறிய விழைந்த குழுவினருக்குத் தூதர் கதை பொருந்திற்று. புறச்சமயத்தாரோடு மணவுறவை விலக்க விரும்பிய திருச்சபைக்குச் சேத் வழிக் கதை பொருந்திற்று. வல்லோர் எளியோரின் பெண்களைக் கவர்ந்த கொடுமையைக் கண்டிக்க முனைந்தோருக்கு ஆட்சியாளர் விளக்கம் உதவிற்று. 1929இல் தொடங்கிய ராஸ் சம்ரா அகழ்வில் வெளிப்பட்ட உகரித்து நூல்கள், ‘ஏல்’ என்னும் முதுகடவுளின் மக்களடங்கிய தேவசபையொன்றைக் காட்டிய பின்னர், ‘தேவகுமாரர்’ என்பது கானானிய மரபிலிருந்து வந்த பழந்தொடர் என்பது தெளிவாயிற்று. ஆயினும் நெபிலிம் பற்றிய ஐயம் அதனால் தீர்ந்ததில்லை. ‘வீழ்தல்’ எனப் பொருள்படும் வேரோடு அச்சொல்லைத் தொடர்புறுத்துவர். வீழ்ந்தோரா, வீழ்த்துவோரா, போரில் மடிந்தோரா என்பதில் உடன்பாடில்லை.

3

தமிழ் மொழிபெயர்ப்பு இவ்வையத்தை எவ்வாறு கையாண்டது என்பதை இனி நோக்குவோம். தரங்கம்பாடியிற் சீகன்பால்கு தொடக்கிய பணி, பப்ரீசியஸ் வழியாக வளர்ந்து, யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு ஆறுமுக நாவலர் இணைந்து உழைத்து 1850இல் அச்சேறிய பதிப்பையும் கண்டு, போவர் தலைமையிலான குழுவின் முயற்சியால் 1871இல் ஐக்கிய மொழிபெயர்ப்பாக முடிந்தது. இதன் வழிவந்ததே புரட்டஸ்தாந்துத் திருச்சபைகளிற் பெருவழக்காயுள்ள பழைய மொழிபெயர்ப்பு.

அம்மொழிபெயர்ப்பு குறித்த வசனத்தில் மூன்று முடிவுகளை வாசகருக்காக முன்கூட்டியே எடுத்துவிட்டது. முதலாவது, ‘நெபிலிம்’ ‘இராட்சதர்’ ஆயினர். இரண்டாவது, நெபிலிம் அக்காலத்திலும் ‘அதன் பின்னரும்’ இருந்தனர் எனப் பொருள்படும் எபிரேயத் தொடர், ‘பின்பு’ என்ற ஒற்றைச் சொல்லாகி அடுத்த வாக்கியத்தோடு சேர்க்கப்பட்டது. மூன்றாவது, மூலத்தில் ‘அவர்கள்’ என ஐயத்துக்கிடமாய் நிற்கும் சுட்டு ‘இவர்களும்’ என உம்மை பெற்றது. அதனால் இராட்சதர் ஒரு சாரார், தேவகுமாரரின் மக்கள் வேறொரு சாரார் என்ற பிரிவு உறுதியாயிற்று. அப்பிரிவு மூலத்துக்கு ஏற்புடைய பொருள்களுள் ஒன்றேயன்றி ஒரே பொருள் அன்று.

இது தமிழ் மொழிபெயர்ப்பாளரின் தனிக்குறையன்று. கிரேக்க மொழிபெயர்ப்பாளர் ‘கிகாந்தெஸ்’ என்ற சொல்லால் நெபிலிமையும் பண்டை வீரரையும் ஒருங்கே பெயர்த்தபோது, தேவர்களோடு பொருத மண்மகளின் மைந்தரைப் பற்றிய தம் புராணத்தையும் உடன் கொண்டுவந்தனர். ‘இராட்சதர்’ என்ற சொல்லும் அவ்வாறே இராமகாதையையும் யாகத்தை அழிக்கும் அரக்கரையும் உடன் கொண்டுவருகின்றது. தவிர, உபாகமத்தில் ‘ரெபாயிம்’ என வரும் வேறொரு பெயரையும் தமிழ் மொழிபெயர்ப்பு ‘இராட்சதர்’ என்றே பெயர்த்தது. இரு வேறு மரபுகள் ஒரே இனமாயின. மூலத்திலோ அப்பண்டை வீரர் ‘பெயருடைய மாந்தர்’, அதாவது புகழ்பெற்றோர். அவ்வசனத்தில் அவர்மீது பழிச்சொல் எதுவும் இல்லை. பழிப்புணர்வு ‘இராட்சதர்’ என்ற சொல்லோடு வந்தது.

4

நெபிலிம் என்ற சொல் எபிரேய வேதத்தில் ஐயமின்றி வருகின்ற மற்றோர் இடம் எண்ணாகமத்தின் பதின்மூன்றாம் அதிகாரம். கானான் நாட்டைக் கைப்பற்றும் நோக்குடன் அனுப்பப்பட்ட வேவுகாரர் திரும்பிவந்து, அங்கே நெபிலிமைக் கண்டதாகவும், அவர்முன் தாம் வெட்டுக்கிளிகள் போல் இருந்ததாகவும், அந்நாடு தன் குடிகளையே தின்னும் நாடென்றும் கூறுகின்றனர். இவ்விடத்திலே கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. வேவுகாரரின் இக்கூற்றை அந்நூலே ‘அவதூறு’ எனக் குறிக்கின்றது. அதாவது நெபிலிமை நேரிற் கண்டதாக வேதத்திற் சொல்லப்படும் ஒரே சாட்சியம், அச்சங்கொண்ட படையெடுப்பாளரின் வாயிலிருந்து வருவது, கதைசொல்வோனே ஏற்காதது.

உபாகமத்தின் இரண்டாம் அதிகாரம் இன்னுந் தெளிவானது. முன்னர் வாழ்ந்த ரெபாயிம் மக்களை மோவாபியர் ‘ஏமியர்’ என்றும், அம்மோனியர் ‘சம்சூமியர்’ என்றும் அழைத்தனர் என அது கூறுகின்றது. அம்மக்கள் தம்மை எவ்வாறு அழைத்தனர் என்ற செய்தி இல்லை. அவர் நிலத்தில் குடியேறியோர் இட்ட பெயர்களே எஞ்சின.

பண்டையோரின் உருவளவும் அவ்வாறே பின்வந்தோரின் கற்பனையைச் சார்ந்தது. பாசானின் அரசனாகிய ஓக் என்பவனின் இரும்புக் கட்டில் ஒன்பது முழ நீளமும் நான்கு முழ அகலமும் உடையதென உபாகமம் கூறுகின்றது. அப்பகுதியிற் பரவிக் கிடக்கும் பெருங்கற் கல்லறைகளே இக்கதைக்கு வித்தாயின எனக் கருதுவாருளர். தமிழ்நாட்டிலும் பெருங்கற்காலக் கல்லறைகள் பல உள. அவற்றைப் ‘பாண்டவர் குழி’ எனச் சில ஊர்களில் வழங்குவர். வேறு சில ஊர்களில் ‘வாலியர் வீடு’, ‘மோரியர் வீடு’ எனக் கூறி, அவற்றைக் கட்டியோர் குள்ள உருவினர் என்பர். ஒத்த வகையான கல்லறை ஓரிடத்தில் அரக்கனுக்கும் மற்றோரிடத்தில் குள்ளனுக்கும் உரியதாகின்றது. கல்லை நாட்டியோரின் உடலளவை இக்கதைகளிலிருந்து அறிய இயலாது. அவரோடு தொடர்பறுந்த பிற்காலச் சமூகத்தின் வியப்பையே அறியலாம்.

5

இவ்வொளியில் ஈழத்து நூல்களுக்கு வருவோம். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டளவில் இயற்றப்பட்ட மகாவம்சம், புத்தர் தம் முதல் வருகையின்போது மகியங்கனையிற் கூடியிருந்த இயக்கரை அச்சுறுத்தி, கிரிதீபம் என்னும் தீவை அருகே வரவழைத்து, அவரை அங்கே குடியேற்றித் தீவைத் தூய்மைப்படுத்தினார் என்கின்றது. இரண்டாம் வருகையின்போது நாகதீபத்திலே மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசரின் அரியணைப் பூசலைத் தீர்த்துவைத்தார். இச்செய்திகள் பாளித் திரிபிடகத்தில் இல்லாதவை. தீவு சாசனத்துக்கென முன்னரே ஒதுக்கப்பட்டது எனக் காட்டும் தேவையிலிருந்து எழுந்தவை.

ஆயின், வெளியேற்றப்பட்ட இயக்கர் அதே நூலில் மீண்டும் தோன்றுகின்றனர். விசயன் வந்திறங்கும்போது குவேனி மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருக்கின்றாள். சிறீசவத்து என்னும் இயக்கர் நகரில் மணவிழா நடைபெறுகின்றது. பின்னர் பண்டுகாபயன் இயக்கர் துணையோடு அரசைப் பெற்று, சித்தராசன் என்னும் இயக்கனுடன் சம ஆசனத்தில் அமர்கின்றான். அநுராதபுரத்தில் இயக்கருக்கு இருப்பிடம் வகுக்கின்றான்.

ஆதியாகமத்தில் பெருவெள்ளம் யாவரையும் அழித்தது. எனினும் நெபிலிம் ‘அதன் பின்னரும்’ இருந்தனர். மகாவம்சத்தில் கிரிதீபம் இயக்கரையெல்லாம் கொண்டு சென்றது. எனினும் அதன் பின்னரும் அவர் இருந்தனர். இவ்விரு நூல்களிடையே கொடுக்கல் வாங்கல் இருந்ததாக நாம் கூறவில்லை. நிலம் வெறுமையாக்கப்பட்டது எனக் காட்டவேண்டிய தேவை ஒருபுறம், அந்நிலத்திலே மக்கள் இருந்தனர் என்ற மறுக்கவியலாத நினைவு மறுபுறம். இவ்விரண்டும் மோதும் இடத்தில் தோன்றிய விரிசலாகவே நாம் இம்முரணைக் கொள்கின்றோம். பிற்கால உரையாசிரியர் அடைக்க முனைந்த அவ்விரிசலே ஆய்வாளருக்கு உதவும் சான்று.

இயக்கர் என்ற பெயரும் தன்னளவிற் பழிச்சொல் அன்று. வடமொழி மரபில் இயக்கர் செல்வத்துக்குரிய குபேரனின் பரிவாரம். சமண மரபில் இயக்கி தீர்த்தங்கரரின் காவற்றெய்வம். நாஞ்சில் நாட்டு மக்கள் இசக்கி எனக் கும்பிடுவதும் அப்பெயரின் திரிபே. வணங்கப்பட்ட பெயர் ஒரு நூலில் விரட்டப்பட்டோரின் பெயராக மாறுவது, அந்நூலின் நோக்கத்தைப் புலப்படுத்துகின்றது.

6

இன்று இயக்கர், நாகர் பற்றிய வாசிப்புகள் பெரும்பாலும் இரு திசைகளிற் செல்கின்றன. ஒன்று, அவரைப் பேயரும் பாம்புகளுமாகக் கொண்டு தள்ளிவிடுவது. மற்றது, அவரை வரலாற்று இனங்களாகக் கொண்டு தத்தம் மூதாதையராக உரிமை கோருவது. இயக்கரே தம் முன்னோர் எனச் சிங்கள அறிஞருள் ஒரு சாராரும், நாகர் தமிழரே எனத் தமிழறிஞருள் ஒரு சாராரும் எழுதியுள்ளனர். இரண்டாவது வாசிப்பு முற்போக்கானதெனத் தோன்றலாம். இழிக்கப்பட்டோரை அது மனிதராக்குகின்றது. ஆயினும் அதுவும் பிறர் இட்ட பெயரை இனத்தின் பெயராகவே கொள்கின்றது. தனக்கு உவந்ததை மட்டும் தெரிந்தெடுக்கின்றது. குவேனி சோறளித்தாள், ஆகவே இயக்கர் நெல் விளைத்தனர் என்பது பலகால் எடுத்தாளப்படும் வாதம். அவ்வரிசி, குவேனி விழுங்கிய வணிகரின் கப்பல்களிலிருந்து வந்ததென்றே மகாவம்சம் கூறுகின்றது. நூல் நூற்றதை ஏற்று, கப்பலை மறைப்பது ஆய்வு நெறியன்று.

கதைகளை விடுத்துக் கல்வெட்டுகளை நோக்கின் வேறொரு காட்சி தென்படுகின்றது. வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்துக் குகைகளில் கிறித்துவுக்கு முற்பட்ட பிராமி எழுத்துகள் உள. அவற்றுள் நாகன் என்னும் அரசனின் மகளும் உதி என்னும் அரசனின் மனைவியுமான ஒருத்தி குகைகளை அளித்த செய்தி உண்டு. அதே இடத்தில் விசாகன் என்னும் தமிழ் வணிகன் அளித்த கொடையும் உண்டு. பௌத்தத் துறவியருக்குத் தமிழ் வணிகன் கொடையளித்த இச்செய்தி, பௌத்தச் சின்னம் யாவும் சிங்களவர்க்கே உரியன என்போரின் கூற்றையும், வன்னியின் தொன்மையிற் பௌத்தத்துக்கு இடமில்லை என்போரின் கூற்றையும் ஒருங்கே மறுக்கின்றது. இங்கு ‘நாக’ என்பது ஓர் ஆட்பெயர். சோரநாகன், இளநாகன் என அநுராதபுர அரசரிடையிலும், முரஞ்சியூர் முடிநாகராயர் எனச் சங்கப் புலவரிடையிலும் அது வழங்கியது. புளியம்பொக்கணையிலும் புதூரிலும் நாகதம்பிரானுக்குப் பொங்கலிடும் மக்களின் வழிபாடு உயிர்ப்புள்ளது, மதிப்புக்குரியது. ஆனால் அதனைக் கொண்டு பண்டை நாகரின் மொழியையோ குருதியையோ நிறுவுதல் இயலாது.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 2009இல் போர் முடிந்த பின்னர், வன்னியில் தொல்லியற் சின்னங்கள் பற்றிய வாசிப்பு நிலவுரிமைப் பூசலாக மாறிற்று. முல்லைத்தீவு மாவட்டத்துக் குருந்தூர்மலையில் 2021 சனவரியில் தொடங்கிய அகழ்வும், வவுனியா வடக்கு வெடுக்குநாறிமலையில் 2024 சிவராத்திரி வழிபாட்டின்போது அடியவர் கைதுசெய்யப்பட்டதும் இதற்குச் சான்று. பண்டை நூலொன்றின் பெயர்ப்பட்டியல் இன்றைய உழவனின் வயலுக்கு உறுதிப்பத்திரமாகக் கொள்ளப்படும்போது, பனுவல் விளக்கம் என்பது யாருக்கு உழ நிலம் உண்டு என்ற வினாவோடு பிணைந்துவிடுகின்றது. அதனை எதிர்ப்போரும் மற்றொரு பெயர்ப்பட்டியலையே ஆயுதமாகக் கொள்வாராயின், தலைமுறைகளாக அங்கே குளங்கட்டி உழைத்து வாழ்வோரின் உரிமை, ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய ஓர் ஐயத்தின் தீர்வை எதிர்நோக்கி நிற்க நேரிடும். அவ்வுரிமை மூதாதையர் இயக்கரா நாகரா என்பதிலே தங்கியதன்று. உழைப்பிலும் வாழ்விலும் தங்கியது.

ஆகவே நெபிலிம் பற்றிய நான்கு வசனங்களுக்குப் புதியதொரு தீர்வை இக்கட்டுரை முன்வைக்கவில்லை. ‘நெபிலிம்’ என்ற சொல்லைப் பெயர்க்காது அவ்வண்ணமே நிறுத்தி, ‘அதன் பின்னரும்’ என்ற தொடரை அதன் இடத்திலேயே விட்டு, ஐயத்தை ஐயமாகவே வாசகரிடம் ஒப்படைக்கும் மொழிபெயர்ப்பே நேர்மையானது என்பது நம் துணிபு. மகாவம்சத்தின் இயக்கருக்கும் நாகருக்கும் இதே நெறி பொருந்தும். அவர் யார் என வினவுமுன், அவரை அவ்வாறு அழைத்தோர் யார், எந்நிலத்தின் பொருட்டு அழைத்தனர் என வினவுதல் வேண்டும்.