டிபன் டப்பாவுக்குள் ஒரு வேலி

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். போன நவராத்திரிக்கு நான் வேலியையே எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

அக்கா போனில் சொன்னது ஒரே வரி. "கொலுவுக்கு வர்றப்ப பார்க்குக்கு ஒரு வேலி வாங்கிட்டு வாடா. உன் மருமக கேட்டுக்கிட்டே இருக்கா."

மருமகள் என்றால் அக்கா பொண்ணு. ஏழு வயசு. வாங்கிக்கொண்டு போனேன். வெள்ளைக் கலர் பிளாஸ்டிக், மடக்கி வைக்கலாம், 250 ரூபாய். பெட்டிமேல் இருந்த படத்தில் அது ஒரு பண்ணை வீட்டையே வளைத்துக்கொண்டு கம்பீரமாக நின்றது.

முதல் நாள் நின்றது. இரண்டாம் நாள் குட்டி எஞ்சினியர் வந்து புகார் சொன்னாள். "மாமா, இது உள் பக்கம்தான் மடங்குது. வெளிப் பக்கம் மடங்க மாட்டேங்குது. குளத்தைச் சுத்தி எப்படிக் கொண்டு போறது?" நியாயமான கேள்வி. நான் கொஞ்சம் அழுத்தினேன். டக். ஒரு மூட்டு போச்சு. மூன்றாம் நாள் அந்த மூட்டிலிருந்து உதிர்ந்த குட்டி முளை, அவள் தம்பியின் கைக்குள்ளே இருந்தது. ஒன்றரை வயசுப் பையன். கை அடுத்து எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்கா பாய்ந்து பிடுங்கினாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். ஓட்டல் சாம்பாருக்கு எழுதுகிறோம். 250 ரூபாய் வேலிக்கு யாராவது எழுதியிருக்கிறார்களா? இல்லை. அதனால்தான் அது அப்படி இருக்கிறது. இந்த வாரம் அந்தப் புண்ணியத்தை நான் கட்டிக்கொள்கிறேன்.

முதலில் கொலுவில் வேலிக்கு என்ன வேலை என்று பார்த்துவிடலாம். படிகள் பெரியவர்களுடையவை. எந்தப் படியில் எந்த சாமி, மரப்பாச்சிக்கு என்ன கலர் பட்டு, செட்டியார் பொம்மை எந்த ஓரம்... எல்லாம் அம்மா, பாட்டி டிபார்ட்மெண்ட். குழந்தை கிட்டே போனாலே "தொடாதே, உடைஞ்சுரும்" என்று ஒரு குரல் வரும். ஆனால் கீழே, தரையில், படிகளுக்குப் பக்கத்தில் ஒரு நாலடி இடம் இருக்கிறது பாருங்கள், அதுதான் பார்க். ஒரு வாரம் முன்னாடியே கடுகு, கேழ்வரகு தூவி முளைக்கவிட்ட பச்சைப் புல். முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்தால் குளம். கசக்கிய பிரவுன் பேப்பர் மலை. பஸ்ஸைவிடப் பெரிய பசுமாடு. அங்கே யாரும் "தொடாதே" சொல்வதில்லை. மொத்தக் கொலுவிலும் குழந்தையின் பேரில் பட்டா உள்ள நிலம் அது ஒன்றுதான்.

நிலம் இருந்தால் வேலி வேண்டுமே! அந்தக் காலத்தில் தீக்குச்சி, ஈர்க்குச்சி, ஐஸ் குச்சி என்று கிடைத்ததைக் களிமண்ணில் நட்டோம். இது நம்மூர் சமாச்சாரம் மட்டுமில்லை. அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் கிறிஸ்துமஸ் மரத்தடியில் ஒரு குட்டி கிராமத்தை அமைத்து, சுற்றிலும் குட்டி வேலி போடுவார்கள். 1893-லிருந்து உள்ளே கூடான ஈய சிப்பாய்களை வார்த்துக்கொண்டிருந்த லண்டன் பிரிட்டன்ஸ் கம்பெனி, முதல் உலகப் போர் முடிந்த பிறகு 1920-களில் பண்ணை பொம்மைகளுக்கு வந்தது. மாடு, பன்றி, குடியானவன்... கூடவே வேலியும். சிப்பாய்க்குக் கோட்டை வேண்டும், மாட்டுக்கு வேலி வேண்டும். குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான். "இது என் இடம்" என்று சொல்ல ஒரு கோடு.

இனி டிசைனுக்கு வருவோம். நான் பி.காம். எஞ்சினியரிங் தெரியாது. ஆனால் கணக்கு தெரியும். கொலு ஒன்பது நாள், விஜயதசமியோடு பத்து. மிச்சம் 355 நாள் இந்த வேலி எங்கே இருக்கிறது? பரணில். அப்படியானால் இது நிற்கிற பொருளே இல்லை சார், தூங்குகிற பொருள். வருஷத்துக்கு ஒரு தடவை எழுந்து நிற்கிறது, அவ்வளவுதான். என்னிடம் கேட்டால் டிசைனைப் பெட்டியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நான் வாங்கியதில் வேலியை மடக்கிய பிறகும் பெட்டி ஒரு ஷூ பெட்டி சைஸ். பெட்டிப் படத்துக்காகச் செய்த வேலி அது, பரணுக்காகச் செய்ததில்லை.

மடக்குவதில் நாலு வழி இருக்கிறது.

ஒன்று, கொலாப்சிபிள் கேட் முறை. உங்கள் அபார்ட்மெண்ட் லிஃப்டிலோ, பழைய கடை வாசலிலோ பார்த்திருப்பீர்கள், எக்ஸ் எக்ஸாக இருக்கும். பார்க்க அழகு. ஆனால் ஒரு வில்லங்கம். பத்து செ.மீ. குச்சிகள் இரண்டை எக்ஸாகப் பிணையுங்கள். அகலம் 6 இருக்கும்போது உயரம் 8. இழுத்து அகலத்தை 8 ஆக்கினால் உயரம் 6 ஆகிவிடும். பள்ளிக்கூட பிதாகரஸ்தான். நீட்ட நீட்ட வேலி குள்ளமாகும்! இரும்பு கேட்டில் நேர் சட்டங்கள் உயரம் மாறாமல் நிற்க, குறுக்குப் பட்டைகளின் முனை சட்டத்துக்குள்ளே மேலும் கீழும் நழுவும்படி செய்து சமாளித்தார்கள். அதையே விரல் உயரத்தில் செய்தால் விலை ஏறிவிடும். தவிர, ஒவ்வொரு எக்ஸும் ஒரு கத்தரிக்கோல். பிஞ்சு விரல் நடுவில் மாட்டினால்? வேண்டாம்.

இரண்டு, பாய் முறை. குச்சிகளை நூலில் கோத்துச் சுருட்டி வைப்பது. எந்த வளைவுக்கும் வரும். ஆனால் நேராக நில் என்றால் படுத்துவிடும்.

மூன்று, அட்டையில் பாதி வெட்டி ஒன்றுக்குள் ஒன்று சொருகுவது. தட்டையாக அடுக்கலாம். ஆனால் போன வருஷம் 20 துண்டு, இந்த வருஷம் 17. மூன்று துண்டு சோபாவுக்கு அடியில்.

நான்கு, விசிறி மடிப்பு. பலகைகளை வரிசையாகத் துணியாலோ முளையாலோ இணைத்து முன்னும் பின்னுமாக மடிப்பது. ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றி வைக்கிற தட்டி மாதிரி. என் ஓட்டு இதற்குத்தான். காரணம், கோணல் மாணலாக நின்றால் இதற்குத் தனியாகக் கால் தேவையில்லை. அமெரிக்காவில் அந்நாள் குடியானவர்கள் இதே தந்திரத்தில் மைல் கணக்கில் வேலி போட்டார்கள். மரக்கட்டைகளை இசட் இசட்டாக அடுக்கிக்கொண்டே போவார்கள். குழி தோண்ட வேண்டாம், ஆணி வேண்டாம். வளைந்து நிற்பதாலேயே விழாமல் நிற்கும்.

நான் வாங்கியதும் விசிறி மடிப்புதான். அப்புறம் எங்கே கோட்டை விட்டார்கள்? மூட்டில். வளையத்துக்குள் முளை, அதுவும் நொறுங்குகிற பிளாஸ்டிக்கில். ஒரே பக்கம் மடங்குகிற மாதிரி. ஷாம்பு பாட்டில் மூடியைப் பாருங்கள். தினமும் திறந்து மூடுகிறோம், அந்த மெல்லிய பிளாஸ்டிக் மடிப்பு விடுவதில்லை. அது பாலிப்ரொப்பிலீன், மடக்க மடக்கத் தாங்கும் ஜாதி. ஷாம்பு காலியானதும் தூக்கிப் போடுகிற மூடிக்கு இருக்கிற மரியாதை, வருஷா வருஷம் எடுத்து வைக்கிற வேலிக்கு இல்லை.

ஒரு பக்கம் மட்டும் மடங்குவது இன்னும் பெரிய குற்றம் என்பேன். உள்ளேயும் வெளியேயும் மடங்கினால்தான் குழந்தை நினைத்த இடத்தில் வளைக்க முடியும். ஒரே பக்கம் மடங்கினால் கம்பெனிக்காரன் நினைத்த வட்டம், கம்பெனிக்காரன் நினைத்த சதுரம். பிறகு அது யாருடைய பார்க்?

நாலாம் நாள் பேசிக்கொண்டிருக்காமல் காரியத்தில் இறங்கினோம். என் காமர்ஸ் மூளைக்கு உதித்த ஒரே யோசனை, பேரேடு. அந்தக் காலத்துக் கணக்குப் பேரேடு இருக்கிறதே, தினம் பத்து தடவை திறந்து மூடினாலும் முதுகு விடாது. காரணம் உள்ளே ஒட்டியிருக்கிற காலிகோ துணி. பக்கத்துத் தெரு பைண்டிங் கடை அண்ணாச்சியிடம் ஒன்றரை மி.மீ. அட்டையும் துணியும் வாங்கினோம். "பசையும் தரட்டுமா?" என்றார். மைதா பசை. "பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் போட்டிருக்கு சார்." புஸ்தகத்துக்குச் சரி, கையை வாயில் வைக்கிற பையன் இருக்கிற வீட்டுக்கு மயில்துத்தம் கூடாது. அதைப் போடாத மைதா என்றால் பரணில் கரப்பானுக்கு விருந்து. ஃபெவிகாலுக்குப் போனோம்.

பத்து செ.மீ. நீளம், ஐந்து செ.மீ. உயரம், பன்னிரண்டு பலகை. இரண்டு அட்டைக்கு நடுவில் துணியை வைத்து ஒட்டினால் மூன்று மி.மீ. கனம். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் அதே மூன்று மி.மீ. இடைவெளி. துணி நட்டநடுவில் ஓடுவதால் இரு பக்கமும் மடங்கும். ரகசியம் அவ்வளவுதான். மேல் முனைகளை ஈட்டியாக இல்லாமல் உருட்டி வெட்டினோம். வெட்டியது நான், வர்ணம் அவள்.

ஏன் பன்னிரண்டு? ஒரு பக்கத்துக்கு மூன்று என்றால் சதுரம், நாலு என்றால் முக்கோணம், இரண்டு என்றால் அறுகோணம். எல்லாவற்றுக்கும் மீதியில்லாமல் வகுபடும். கோணல் மாணலாக நிறுத்தினால், மடிப்புக்கு 120 டிகிரி வைத்து, கிட்டத்தட்ட 104 செ.மீ. போகும். அப்போது அடி அகலம் ஐந்து செ.மீ., உயரமும் ஐந்து. ஃபேன் காற்றில் அசையவில்லை. மடக்கினால் மூன்றரை செ.மீ.க்கும் சற்று கூடுதலான கனம். அவளுடைய ஸ்நாக்ஸ் டிபன் டப்பாவில் உட்கார்ந்துவிட்டது.

எங்கள் சரக்கிலும் குறை உண்டு, மறைக்க மாட்டேன். கடுகுப் பாத்தியின் ஈரம் ஏறி ஏழாம் நாள் அடி அட்டை உப்பிவிட்டது. மெழுகுவத்தியை அடி விளிம்பில் தேய்த்துவிட்டிருந்தால் தப்பித்திருக்கும். அடுத்த வருஷத்துக்குப் பாடம். அட்டை என்பதால் குத்துவிளக்குக்கு எட்டாத தூரத்தில்தான் வைக்க வேண்டும், அதுவும் குறைதான்.

இனி அந்தக் கடைப் பெட்டிக்குத் திரும்புகிறேன். பின்பக்கம் எறும்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'அலங்காரத்துக்கு மட்டும். விளையாட்டுப் பொருள் அல்ல.' முன்பக்கப் படத்தில் யார்? இரண்டு குழந்தைகள், வேலியைப் பிடித்துக்கொண்டு!

இந்த ஒரு வரிக்கு விலை உண்டு. நம் நாட்டில் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020-ல் வந்தது. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் (கைவினைஞர்களுக்குச் சில விலக்கு உண்டு). பரிசோதனைகளில் ஒன்று ரொம்ப எளிமையானது. 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு குழல். ஒரு துண்டு அதற்குள் முழுசாக அடங்கினால், அது மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையில் அடைக்கக்கூடிய சைஸ். எங்கள் வீட்டு முளை அந்தக் குழலில் உருண்டு விளையாடியிருக்கும். ஆனால் 'அலங்காரம்' என்று அச்சடித்துவிட்டால் யார் குழலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 பொம்மைப் பாதுகாப்பு ஆணையிலேயே பண்டிகை அலங்காரப் பொருட்களைப் பொம்மைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று தள்ளி வைத்திருந்தார்கள். கூரையிலிருந்து தொங்குகிற தோரணத்துக்கு அது சரி. தரையில், குழந்தை கைக்கு எட்டுகிற இடத்தில், குழந்தைக்காகவே நிற்கிற வேலிக்கு? கொலுவில் எது அலங்காரம், எது விளையாட்டு என்று தீர்மானிப்பது பெட்டியில் இருக்கிற வரி இல்லை சார், அந்தப் பொருள் எந்தப் படியில் இருக்கிறது என்பதுதான். தரையில் இருந்தால் அது பொம்மை. வாங்குகிற நாமாவது அப்படி எடுத்துக்கொள்வது நல்லது.

விஜயதசமி ராத்திரி. ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, ஆரத்தி எடுத்து முடித்த பிறகு அக்கா பழைய புடவைத் துணிகளோடு பொம்மைகளைச் சுற்ற உட்கார்ந்தாள். வழக்கம்போல "நீ கிட்ட வராதே" வந்தது. மருமகள் கண்டுகொள்ளவில்லை. தரையில் உட்கார்ந்து, தன் வேலியைத் தானே முன்னும் பின்னுமாக மடக்கி, டிபன் டப்பாவில் வைத்து மூடினாள். மூடிமேல் ஸ்கெட்ச் பேனாவால் 'வேளி' என்று எழுதினாள். நான் திருத்தவில்லை.

"மாமா, அடுத்த வருஷம் குளத்தை இந்தப் பக்கம் வச்சுக்கலாம். அப்ப வேலி இப்படிப் போகும்" என்று விரலால் தரையில் கோடு போட்டுக் காட்டினாள்.

250 ரூபாய் வேலி அதன் ஷூ பெட்டியோடு குப்பைக்குப் போனது. டிபன் டப்பா பரணுக்குப் போக மறுத்து, அவள் மேஜை டிராயரில் இருக்கிறது.